'சும்மா' படகின் விற்பனைப் பலகை

கார்த்தி, உன் படகின் ஜன்னலுக்குக் கீழே 'விற்பனைக்கு' என்று எழுதி ஸ்க்ரூ முடுக்கி வைத்திருந்த பலகையை இந்நேரம் தேடியிருப்பாய். காற்றில் பிய்ந்து கால்வாயில் விழுந்திருக்கும் என்று நினைத்திருப்பாய். விழவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கிளம்பும்போது அதைக் கழற்றியது நான்தான். அது எங்கே இருக்கிறது என்று கடைசியில் சொல்கிறேன். வரும் சனிக்கிழமை படகைப் பார்க்க ஒருவர் வருகிறார் என்று சொன்னாய். அவர் வருவதற்கு முன் நீ இதைப் படிக்க வேண்டும். போனில் சொன்னால் "இட்ஸ் ஓகே மா, லீவ் இட்" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

இதன் நகலைத் தமிழ்ச் சங்க மலருக்கும் அனுப்புகிறேன். ஏதாவது எழுதித் தாருங்கள் ஆன்ட்டி என்று அவர்களும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ரவா கேக் செய்முறை வரும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். உன்னைப் பார்த்துச் சிரித்தவர்களில் பாதிப் பேர் அந்த மலரை வாங்குகிறவர்கள்தான். அவர்களும் படிக்கட்டும்.

நீ அந்தப் படகை வாங்கிய வருடம் உன் வயதுப் பையன்கள் எதையெதையோ வாங்கினார்கள். ஒருவன் மேல்கூரை திறக்கும் காரில் வந்து கொலுவுக்குச் சுண்டல் வாங்கிக்கொண்டு போனான். இன்னொருவன் வீடு வாங்கி, அதில் போட நாற்காலி இல்லாமல் தரையில் உட்கார்ந்து டிவி பார்த்தான். வார இறுதி விருந்துகளில் எல்லோருக்கும் ஒரே பேச்சு, யாருடைய கம்பெனி எப்போது பங்குச் சந்தைக்கு வருகிறது என்று. நீ மட்டும் ஸ்டாக்டனுக்கு அந்தப் பக்கம் கலிபோர்னியா டெல்டாவின் கால்வாய் ஒன்றில் துருப்பிடித்துக் கிடந்த இரும்புப் படகை வாங்கினாய். ரயில் பெட்டியை நெடுக்காக வெட்டியதுபோல நீளம், நான் கை இரண்டையும் விரித்தால் இரண்டு சுவரும் இடிக்கிற அளவுக்கு ஒடுக்கம். இங்கிலாந்தில் பிறந்த ஒரு வெல்டர், தன் ஊர்க் கால்வாய்களில் ஓடும் படகு மாதிரியே தானே கட்டியது. அவருக்கு முழங்கால் போய்விட்டதால் உனக்கு விற்றார். "இத வச்சு என்னடா பண்ணப் போற?" என்று உன் அப்பா கேட்டார். "சும்மாப்பா" என்றாய். பிறகு அந்தப் பெயரையே பக்கவாட்டில் தமிழில் பெரிதாக எழுதியும் வைத்தாய். படகுகளைக் கட்டி வைக்கிற அந்த மரீனாவில் எதிர்ப்படுகிற ஒவ்வொரு வெள்ளைக்காரருக்கும் அதன் அர்த்தத்தை விளக்க உனக்குக் கால்மணி நேரம் ஆனது.

எனக்கு உன் மேல் கோபம்தான் வந்தது. ஏன் என்று இப்போது தெரிகிறது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் என் விசாவில் வேலை செய்யக் கூடாது என்று இருந்தது. கெமிஸ்ட்ரி படித்தவள், ஃப்ரீமான்ட் அபார்ட்மென்டில் உட்கார்ந்து அடுத்த வீட்டுக் குழந்தைகளுக்கு மூக்குத் துடைத்தேன். கிரீன் கார்டு வந்ததும் சர்க்யூட் போர்டு சால்டரிங் செய்யப் போனேன். ஒருநாள் மத்தியானம் எங்கள் வரிசையில் இருந்த அத்தனை பெண்களையும், முக்கால்வாசிப் பேர் வியட்நாமியர்கள், பூட்டிய லாக்கரைத் திறக்கக்கூட விடாமல் வாசலுக்கு அனுப்பினார்கள். அதே வாரம் அந்தக் கம்பெனி செய்தித்தாளில் முழுப்பக்க விளம்பரம் போட்டது. அதைப் பார்த்தவளுக்கு மகன் பத்திரமான இடத்தில் இருக்க வேண்டும் என்ற ஒரே வெறி. இந்த ஊரில் பத்திரமான இடம் என்று ஒன்று கிடையாது என்பதை என் கண்ணாலேயே பார்த்துவிட்டு, அப்படி ஓர் இடத்தை உனக்குத் தேடிக்கொண்டிருந்தேன். நீயோ தண்ணீருக்குப் போனாய்.

முதல் தடவை அடிப்பக்கத்துக்குப் பெயின்ட் அடித்தது நினைவிருக்கிறதா? மரீனாக்காரர்களின் பெரிய நாலு சக்கர வண்டி இரண்டு பட்டைகளில் தொட்டில்போல படகைத் தூக்கிக் கரையில் வைத்தது. தண்ணீருக்குள் இருந்த பகுதி முழுவதும் பாசி, சிப்பி, துரு. நீ கண்ணாடி மாட்டிக்கொண்டு நாள் முழுக்கச் சுரண்டினாய். மாலையில் முகம் செங்கல் சூளையில் வேலை பார்த்தவன் மாதிரி இருந்தது. துருவை எடுத்த இடத்தைக் கையால் தடவித் தடவிப் பார்த்தாய். எனக்குத் தெரிந்து நீ அதுவரை எந்தப் பொருளையும் அப்படித் தடவிப் பார்த்ததில்லை. பிறகு தார்போன்ற அந்தக் கறுப்புப் பெயின்டை ஒரு கோட், அது காய்ந்தபின் இன்னொரு கோட். இரண்டாவது கோட் காய இன்னும் இரண்டு நாள் வேண்டும் என்று டப்பாவிலேயே எழுதியிருந்தது.

உன் அப்பாவோ பொள்ளாச்சி ஜோசியருக்குப் போன் பண்ணிப் படகைத் தண்ணீரில் இறக்க நேரம் வாங்கிவிட்டார். ஜோசியர் சொன்னது இந்திய நேரம். அதைக் கலிபோர்னியா நேரத்துக்கு மாற்றி, அதிலிருந்து கோடைக்கால மணி மாற்றத்தைக் கழிப்பதா கூட்டுவதா என்று பக்கத்து ஊரான டப்ளினில் இருக்கும் நண்பரோடு அரைமணி நேரம் சண்டை போட்டு, கடைசியில் வெள்ளிக்கிழமை காலை என்று முடிவு செய்தார். நாம் இரண்டாவது கோட் அடித்து முடித்ததே வியாழக்கிழமை மாலை. காலையில் மூடுபனி வேறு.

"அப்பா, இட்ஸ் ஸ்டில் வெட். விரல் வச்சுப் பாருங்க" என்றாய்.

"நேரம் போச்சுன்னா திரும்ப வருமா? பெயின்ட்டு தண்ணிக்குள்ள காஞ்சுக்கும்டா" என்றார் உன் அப்பா. முப்பது வருட இன்ஜினியர். பக்கத்தில் நின்ற கெமிஸ்ட்ரிக்காரியும் தலையாட்டினேன். வண்டியின் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். வண்டி ஓட்டுகிற மனிதர் எட்டிப் பார்த்து, எலுமிச்சை பிழிந்து குடிக்கிற மது நினைவில், "மார்கரிட்டா எப்போ தருவீங்க?" என்று கேட்டார். அப்பா முகப்பில் தேங்காய் உடைத்தார். தேங்காய் உடைந்தது, நீ புதிதாக அடித்த சிவப்புப் பெயின்டும் பெயர்ந்தது. படகு தண்ணீரைத் தொட்டதும் வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம் பரவ, மரீனா மேனேஜர் கத்திக்கொண்டே ஓடி வந்தார். சில மாதம் கழித்து மறுபடி தூக்கிப் பார்த்தபோது, தொட்டில் பட்டைகள் அழுத்திய இடம் இரண்டும் பெல்ட் போட்ட தழும்பு மாதிரி வெறும் இரும்பாக இருந்தது. மற்ற இடங்களில் உள்ளங்கை அகலத்துக்குத் திட்டுத் திட்டாகத் துரு.

நீ அன்றைக்கு என்ன செய்தாய் என்பதுதான் எனக்கு முக்கியம். உன் இடத்தில் நான் இருந்திருந்தால் உன் அப்பாவை ஒரு வருடத்துக்குச் சொல்லிக்காட்டியிருப்பேன். நீ ஒரு சுரண்டியை எடுத்து அவர் கையில் கொடுத்து, "பா, இந்த சைடு உங்களுது" என்றாய். அவ்வளவுதான். அவர் மதியம்வரை சுரண்டினார். இருபத்தைந்து வருடக் கல்யாண வாழ்க்கையில் அவரை இவ்வளவு எளிதாக வழிக்குக் கொண்டுவந்த ஆளை நான் பார்த்ததில்லை. அப்புறம் நானும் வர ஆரம்பித்தேன். ஒரு கதவில் அந்த வெல்டர் வரைந்த ரோஜாப்பூக்களை அழிக்காமல் விட்டுவிட்டு, இன்னொரு கதவை எனக்குக் கொடுத்தாய். எனாமல் பெயின்டில் சிக்குக்கோலம் போடுவது எவ்வளவு சிரமம் என்று எவளுக்கும் தெரியாது. மாவு விரல் சொன்னபடி கேட்கும். பெயின்ட் தன் இஷ்டத்துக்கு வழியும். மூன்று முறை துடைத்துவிட்டுப் போட்டேன். நீ குறை சொல்லவில்லை, பாராட்டவும் இல்லை. கதவைச் சாத்தித் திறந்து பார்த்துவிட்டு, "காயற வரைக்கும் யாரும் தொடாதீங்க" என்று எழுதி ஒட்டினாய். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு இந்த நாட்டில் கிடைத்ததில்லை.

அடியில் நீ பொருத்துகிற மெக்னீசியக் கட்டிகளைப் பற்றிக் கேட்டாய் அல்லவா? இரும்பைத் தின்ன வருகிற தண்ணீர் முதலில் மெக்னீசியத்தைத் தின்னும், அது கரையும்வரை இரும்புக்கு ஒன்றும் ஆகாது என்று விளக்கினேன். "அம்மா மாதிரி" என்று உன் அப்பா சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. தயவுசெய்து யாரும் என்னை மெக்னீசியக் கட்டி ஆக்காதீர்கள். நம் ஊர்ப் பெண்களைக் கரைத்துக் கரைத்து அதைப் புகழ்ந்தே வாழ்ந்தாயிற்று. நீ கட்டிக்கொள்ளப்போகிற பிரியாவையும் அப்படி ஆக்கிவிடாதே. கல்யாணத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல விரும்பும் புத்தி இது ஒன்றுதான். அவள் கரைந்தால்தான் நீ நிற்பாய் என்றால், உன் பெயின்ட் சரியில்லை என்று அர்த்தம்.

ஜனவரியில் உன் கம்பெனி உங்களை ஒரு ஹாலுக்குள் கூப்பிட்டு, வாசலில் செக்யூரிட்டியை நிறுத்திவைத்து, மேஜைச் சாமானைக் கட்டிக்கொண்டு போகச் சொல்லி ஆளுக்கொரு அட்டைப்பெட்டி கொடுத்தது. போன தீபாவளிக்கு "வீ ஆர் எ ஃபேமிலி" என்று சட்டை அச்சடித்துக் கொடுத்த அதே கம்பெனி. நீ அட்டைப்பெட்டியோடு வீட்டுக்கு வரவில்லை, நேராகப் படகுக்குப் போனாய், அன்றிலிருந்து அங்கேயே குடி. நான் இரண்டு நாள் அழுதுவிட்டு, சாப்பாடு கட்டிக்கொண்டு ஓடி வந்தேன். நீ பக்கத்துப் படகுக்காரரின் பாட்டரி ஒயர்களை மாற்றிக்கொண்டிருந்தாய். அப்புறம் அடுத்த படகு, அதற்கு அடுத்தது. இப்போது மரீனாவில் லைட் எரியாவிட்டால் உன்னைத்தான் கூப்பிடுகிறார்கள். கையில் வேலை இருக்கிறது. ஆனால் நம் ஆட்கள் அதை வேலை என்று ஒப்புக்கொள்வதில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் வேலை, குனிந்து ஒயர் இழுத்தால் "இன்னும் எதுவும் செட் ஆகலியா?" போன மாதம் மௌரி அவென்யூ மளிகைக் கடையில் ஒரு அம்மா புளியைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் இப்படிக் கேட்டாள். அவள் வீட்டுக்காரரையும் அட்டைப்பெட்டியோடுதான் அனுப்பியிருந்தார்கள். அவர் தினமும் டை கட்டிக்கொண்டு நூலகத்தில் போய் உட்கார்ந்துவிட்டு மாலையில் திரும்பி வருகிறார். இது எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

பிரியாவின் அப்பா கல்யாணத்துக்கு முன்னால் படகை விற்றாக வேண்டும் என்றார். நீ உடனே சரி என்றாய். என்னிடம் "இட்ஸ் ஜஸ்ட் எ போட் மா" என்றாய். நீ எனக்குத் தெரிந்து சொன்ன பெரிய பொய் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை விற்பதற்குமுன் ஒரு தடவை எல்லோரும் போய்வரலாம் என்றுதானே கூப்பிட்டாய்? ஆல்டமான்ட் காற்றாலைகளைத் தாண்டி பிரியா வீட்டார் டப்ளினிலிருந்தும் நாங்கள் ஃப்ரீமான்டிலிருந்தும் வந்தோம். பிரியாவின் அம்மா பட்டுப்புடவைக்குக் கீழே ஸ்னீக்கர் போட்டுக்கொண்டு, புளியோதரைப் பாத்திரத்தை மடியைவிட்டு இறக்காமல் உட்கார்ந்திருந்தார். பிரியாவின் அப்பா பக்கவாட்டில் எழுதியிருந்த பெயரைப் படித்துவிட்டு, "படகுக்கே சும்மான்னு பேரு. ஓட்றவரும் சும்மாதான இருக்காரு, பொருத்தம்தான்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நீயும் சிரித்தாய்.

அந்த இரும்புத் தூக்குப்பாலத்துக்குப் பக்கத்தில் வந்ததும் நீ ஹாரனை ஒரு தடவை நீளமாகவும் ஒரு தடவை குட்டையாகவும் அடித்தாய். மேலே சாலையில் மணி அடித்து, தடுப்பு இறங்கி, பாலம் அப்படியே தூக்கிக்கொண்டது. இந்த நாட்டில் பத்து வருடமாக எல்லா சிக்னலிலும் நின்றிருக்கிறேன், எல்லா கவுன்டரிலும் நின்றிருக்கிறேன். அன்றைக்கு லாரியும் லெக்சஸும் நிறுத்திக் காத்துக்கிடக்க, நடக்கிற வேகத்தில் நம் படகு கீழே போயிற்று. நீ பாலத்துக்காரருக்குக் கை காட்டினாய். இந்தக் கரைகளை மண் சுமந்து எழுப்பிய சீனர்களுக்கு இதே மண்ணில் சொந்தமாக ஒரு காணி வாங்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை என்று முன்பே சொல்லியிருக்கிறாய். கரையோரப் பேரிக்காய்த் தோட்டங்களில் இன்றைக்கும் ஏணியில் நிற்பவன் வேறு, தோட்டம் வைத்திருப்பவன் வேறு. இதெல்லாம் ஃப்ரீவேயில் போனால் தெரிவதில்லை. உனக்குத் தெரிந்தது மெதுவாகப் போனதால்தான்.

அப்புறம்தான் அது நடந்தது. குளிரில் கருகிப் பாதி அழுகிய ஆகாயத்தாமரைத் திட்டு ஒன்று கிளைக் கால்வாயிலிருந்து ஒதுங்கி வந்து நம் அடியில் புகுந்தது. இன்ஜின் முனகியது, படகு நின்றுவிட்டது. கடல் வற்றுகிற நேரம், அதன் இழுப்பு இந்தக் கால்வாய்வரை வரும். தண்ணீர் நம்மைக் கரையோரப் பாறைகளைப் பார்த்து இழுத்தது. நீ முதலில் நங்கூரத்தைப் போட்டாய். அடுத்து இன்ஜினை அணைத்து, சாவியை உருவி, பேண்ட் பாக்கெட்டில் போட்டாய். அதற்குப் பிறகுதான் பின்பக்கத்துக் குட்டி மூடியைத் திறந்து, தோள்வரை கையைத் தண்ணீருக்குள் விட்டு, புரொப்பல்லரில் சுற்றிய கொடியைக் கத்தியால் அறுக்க ஆரம்பித்தாய். சுக்கான் பிடியைப் பிரியா தானாகவே வாங்கிக்கொண்டாள்.

பிரியாவின் அப்பா பதறினார். "கோஸ்ட் கார்டுக்கு போன் பண்ணுங்க!" செல்போனில் சிக்னல் இல்லை. அவரால் சும்மா இருக்க முடியவில்லை. நீ குனிந்திருந்த பக்கத்தைப் பார்க்காமலே இன்ஜின் பெட்டிக்குக் கையை நீட்டினார். "ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிப் பாத்துரலாம், சில சமயம் தானா ரிலீஸ் ஆயிரும்."

"அப்பா! அவர் கை உள்ள இருக்கு!" என்று கத்தினாள் பிரியா.

அவர் விரல் சாவித் துளையைத் தொட்டுவிட்டது. அங்கே சாவி இல்லை. அந்த மனிதர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். கெட்டவர் இல்லை அவர். உதவி செய்ய நினைத்தார். பயந்தவன் உதவி செய்ய வந்தால் எதையாவது முடுக்கத்தான் பார்ப்பான், உன் அப்பாவும் நானும் செய்ததும் அதுதான். நீ தலையைக்கூடத் தூக்கவில்லை. "அங்கிள், அந்த பக்கெட்டக் கொஞ்சம் குடுங்க" என்றாய். அவர் கொடுத்தார். நீ அறுத்துப் போட்ட அழுகிய கொடியை எல்லாம் அவர் கையாலேயே வாரி பக்கெட்டில் போட்டார். டப்ளினில் தன் வீட்டுப் புல்லைக்கூட ஆள் வைத்து வெட்டுகிறவர்.

திரும்பிவந்து படகைக் கட்டியதும் அவர் உன்னிடம், "நல்லாத்தான் பாத்துக்கறீங்க தம்பி. நான் இல்லேன்னு சொல்லல. ஆனா பத்திரிகைல மாப்ள வீட்டு அட்ரஸ்னு எதப் போடறது? படகு கட்டற எடத்து நம்பரையா?" என்றார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவர் ஆபீஸில் விசா முடிந்து ஊருக்குத் திரும்பியவர்கள் காரை ஏர்போர்ட் பார்க்கிங்கிலேயே விட்டுவிட்டுப் போனதைப் பார்த்த மனிதர். மகள் மிதக்கிற வீட்டில் இருப்பதை நினைத்தால் அவருக்குத் தூக்கம் வராது. அந்தப் பயத்துக்கு நீ மரியாதை கொடு. அதற்காகப் படகைக் கொடுக்காதே. பத்திரிகையில் ஃப்ரீமான்ட் வீட்டு முகவரியைப் போடலாம், அதற்குத்தானே நாங்கள் இன்னும் அங்கே குடியிருக்கிறோம்.

அவர் பேசிக்கொண்டிருந்தபோது நீ கவனிக்காத ஒன்றை நான் கவனித்தேன். ஒவ்வொரு தடவையும் ஓட்டி முடித்ததும் புரொப்பல்லர் தண்டு வெளியே போகும் இடத்தில் ஒரு கிரீஸ் திருகைக் கொஞ்சம் முறுக்குவாய் அல்லவா, அங்கே தண்ணீர் கசியாமல் இருக்க? அன்றைக்கு நீ மறந்துவிட்டாய். விற்கப்போகிற படகுதானே என்று விட்டாயோ என்னவோ. பிரியா யாரிடமும் சொல்லாமல் கீழே இறங்கி, அதை முறுக்கி, சொட்டு நின்றதா என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டு, விரலைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு மேலே வந்தாள். விற்கப்போகும் படகுக்கு யார் கிரீஸ் முறுக்குவார்கள், கார்த்தி? நான் போய் அவளிடம், "பிரியா, ஸ்க்ரூ டிரைவர் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. என் கண்ணைத் தொடர்ந்து பலகையைப் பார்த்தாள். டூல் பாக்ஸிலிருந்து சரியான அளவில் ஒன்றை எடுத்து நீட்டினாள். "கீழ் ஸ்க்ரூ துரு பிடிச்சிருக்கு ஆன்ட்டி, கொஞ்சம் எண்ணெ விடணும்" என்று அவளே எண்ணெயும் விட்டாள். நான்கு திருகையும் நான் கழற்றினேன். பலகையை அவள் பிடித்துக்கொண்டாள்.

அது என் கார் டிக்கியில் இருக்கிறது. உனக்கு அது வேண்டுமென்றால் நேரில் வந்து கேள். ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துத் தருவேன், அது உன் படகு, உன் முடிவு. ஆனால் பிரியாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேள். படகை விற்கலாமா என்று இதுவரை நீ தன்னிடம் கேட்கவில்லை என்று அவள் சொன்னாள்.

அடிப்பக்கம் கறுப்புப் பெயின்ட் அடித்து இரண்டு வருடம் ஆகிறது, மறுபடி தூக்க வேண்டும் என்று நீதான் சொன்னாய். சனிக்கிழமை நானும் உன் அப்பாவும் பழைய துணி, சுரண்டி எல்லாம் எடுத்துக்கொண்டு வருகிறோம். படகு பார்க்க வருபவருக்கு என்ன பதில் என்று அதற்குள் நீயும் பிரியாவும் முடிவு செய்திருங்கள். உன் அப்பா நேற்று போனை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் நின்றார். பொள்ளாச்சிக்குத்தான் என்று நினைத்துக் காது கொடுத்தேன். வானிலைச் செய்தி சொல்கிற நம்பருக்குப் போன் பண்ணியிருக்கிறார். அடுத்த வாரம் முழுக்க மழை இல்லையாம், மூடுபனியும் இல்லையாம். தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறார்.